மாமாவும் அமெரிக்காவும் ஒரு கனடாச் சோதனையும்

மாமாவிடம் பிறந்த திகதியைக் கேட்டால் திகதி வராது. "அமெரிக்கன் பனாமாக் கால்வாயைத் திறந்த மாசம்" என்றுதான் வரும். கேட்பவர் யாராக இருந்தாலும் அதே பதில். ரொறன்ரோவுக்கு வந்த முதற் கிழமை அவரைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு பிறந்த நாளைக் கேட்க, மாமா கால்வாயில் தொடங்கினார். எத்தனை வருசம் வெட்டினார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் செத்தார்கள் என்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது. நான் இடையில் புகுந்து ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலு ஆவணி என்று சொல்லி ஆளை மீட்டேன்.

மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். எண்பத்தொன்பதாம் ஆண்டு, எழுபத்தைந்து வயதில், ஒரு சூட்கேசோடும் ஒரு சின்ன றேடியோவோடும் எங்களிடம் வந்து சேர்ந்தார். நாங்கள் அப்போது ரெக்ஸ்டேலில் ஒரு அபார்ட்மென்ரில் பதினாலாம் மாடியில் இருந்தோம். எனக்குப் பாண் சுடுகிற பேக்டரியில் காலை வேலை. கணவருக்குப் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் பின்னேர வேலை. நான் மூன்றரைக்கு வீட்டுக்கு வரும்போது அவர் சாப்பாட்டுப் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருப்பார். புருசனும் பெண்சாதியும் சந்தித்துக்கொள்வது லிப்டில்தான். ஆகவே பின்னேரங்களில் எனக்கு வாய்த்த ஆள் மாமா.

அமெரிக்கா அவருக்குப் பள்ளிக்கூடத்தில் தொற்றிய வருத்தம், மருந்தில்லாத நோய். ஊரில் அவர் படித்தது அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம். பிரித்தானிய ராசாக்களின் பெயர்களைப் பாடமாக்க வேண்டிய வகுப்பில், பாடம் எடுத்த பாதிரியாருக்கு ராசாக்கள் அலுத்துப்போனால் தன்னுடைய நாட்டுக் கதையைச் சொல்லுவாராம். ராசாக்கள் அவருக்கு அடிக்கடி அலுத்திருக்க வேண்டும். மாமாவுக்கு அமெரிக்க சனாதிபதிகள் எல்லாரையும் வரிசைப்படி தெரியும், யார் யார் சுடப்பட்டார்கள் என்பதும் தெரியும். பிறகு றேடியோ வந்து அந்த வருத்தத்தை முற்ற வைத்தது. ஆனால் மனிதர் ஒருநாளும் அமெரிக்காவில் கால் வைத்ததில்லை.

கால் வைக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அது சரித்திரத்துக்காக அல்ல. அவருடைய ஒரே மகள், என் மச்சாள், எண்பத்து நாலில் கலியாணம் கட்டி நியூ ஜேர்சிக்குப் போனவள். மூன்று வருசம் கழித்து ஊரில் மாமி செத்துப்போனா. சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், ஊரடங்கு. மச்சாளால் போக முடியவில்லை. நாங்களும் போகவில்லை. மச்சாளின் அகதிக் கேஸ் முடிவில்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்காவை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே போக முடியாது. மாமா அமெரிக்க விசாவுக்கு இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் இல்லை என்று விட்டார்கள். அமெரிக்காவின் வரலாறு முழுவதும் தெரிந்த ஒருவரை அமெரிக்கா உள்ளே விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. "அவையளுக்கும் ஒரு சட்டம் இருக்குத்தானே, பிள்ளை" என்றார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மச்சாள் போன் எடுப்பாள். காலநிலை, சமையல், யாருக்குக் கலியாணம் என்றெல்லாம் கதை போகும். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி அதைத்தான் கேட்பாள். "அப்பா, அம்மா கடைசியா என்ன சொன்னவ?" மாமா ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதிலைச் சொல்லுவார். "நேரிலை சொல்லுறன், மோனை."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. போனை வைத்தவுடன் பிடித்துக்கொண்டேன்.

"அதென்ன மாமா அவ்வளவு ரகசியம்? எங்களுக்கும் சொல்லேல்லை. அந்தப் பிள்ளை அங்கை கிடந்து உருகுது. சொல்லித் துலைக்கிறதுக்கென்ன?"

"போனிலை சொல்லுற கதை இல்லை, பிள்ளை."

"பிறகெப்ப சொல்லப்போறியள்?"

அவர் றேடியோவைத் திருகினார். பெரியவரை அப்படி நெருக்கியிருக்கக் கூடாதுதான். ஆனால் என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். அது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தொண்ணூற்றிரண்டு கோடையில் என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நயாகரா நீர்வீழ்ச்சிக்கு இந்தப் பக்கம் கனடா, அந்தப் பக்கம் அமெரிக்கா. நடுவில் ஆறும் பள்ளமும். பேப்பர் இல்லாத எங்கள் சனம் பல பேர் அங்கேதான் சொந்தக்காரரைப் பார்ப்பார்கள். ஒரு குடும்பம் இந்தக் கம்பி வேலியில் நிற்கும், மற்றக் குடும்பம் அந்தக் கம்பி வேலியில் நிற்கும். நடுவில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். கையைக் காட்டி, கண்ணைத் துடைத்து, கொண்டுவந்த கட்டுச்சோற்றை அவரவர் கரையில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். இதற்காகவே என் கணவர் வேலைத்தலத்தில் ஒருவரிடம் பைனாகுலர் இரவல் வாங்கினார்.

போனில் எல்லாம் பேசி ஒழுங்கு செய்தோம். பதினொரு மணி. மச்சாள் சிவப்புச் சேலை உடுத்துவாள், சிவப்பென்றால் தப்பாது. நாங்கள் பத்தரைக்கே வேலிக்குப் போய்விட்டோம். மாமா கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பைனாகுலரைக் கண்ணில் வைத்த மாத்திரத்தில், "அந்தா நிக்கிறாள்" என்றார். கையை உயர்த்தி ஆட்டினார். அந்தப் பக்கத்துச் சிவப்புச் சேலையும் கையை ஆட்டியது. மாமாவுக்குக் கண்ணீர் வடிந்தது. என் கணவர் மூக்கைச் சிந்தினார். பத்து நிமிசமாக இப்படி நடந்த பிறகு மாமா பைனாகுலரை இறக்கினார்.

"இவள் கொஞ்சம் மொத்தமாயெல்லோ கிடக்கு."

"அமெரிக்காச் சாப்பாடு, மாமா" என்றேன்.

"கட்டையாயும் போனாளோ?"

நான் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் நிறைய வட இந்தியப் பெண்கள் இறங்கி நின்றார்கள். ஏதோ கலியாணக் கூட்டம். சிவப்புச் சேலை மட்டும் ஏழெட்டு. எங்களுக்குக் கை காட்டியது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. பாவம், யாரோ கிழவர் கை காட்டுகிறார் என்று மரியாதைக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறா. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தேன். மாமா அவவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பைனாகுலரைத் திருப்பி வாங்கி ஒவ்வொரு சிவப்பாக நகர்த்தினார்.

மச்சாள் பதினொன்றரைக்கு வந்தாள். கூட்டத்தை விட்டு விலகி, வேலியின் மூலையில், புருசனோடு நின்றாள். இந்த முறை மாமா கை காட்டவில்லை. பைனாகுலரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பிறகு எங்களுக்குப் பக்கவாட்டாகத் திரும்பினாள். சேலையை இழுத்து, ஒரு கையை வயிற்றின் மேலும் மற்றக் கையை வயிற்றுக்குக் கீழும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பிள்ளை" என்றார் மாமா. "அவள் முழுகாமல் இருக்கிறாள்."

எட்டு வருசம் பிள்ளை இல்லாமல் இருந்தவள். கண்ணூறு படக்கூடாதென்று ஆறு மாதம் வரை ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. போனில் சொல்லாததை நயாகராவுக்கு மேலால் சொல்லிவிட்டாள். என் கணவர் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அவர் அப்படிச் செய்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பக்கத்தில் நின்ற சீனக் குடும்பம் ஒன்று விசயம் விளங்காமலே கை தட்டியது. நான் புட்டுப் பொதியை அவிழ்த்து அவர்களுக்கும் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது, ஓக்வில் தாண்டின பிறகு, மாமா காருக்குள் சொன்னார்.

"நான் கனேடியன் ஆகப்போறன்."

அதுதான் வழி. கனடாப் பாஸ்போட் இருந்தால் அமெரிக்காவுக்கு விசா தேவையில்லை, பாலத்தால் நடந்தே போகலாம். மாமா வந்து மூன்று வருசம் முடிந்திருந்தது. விண்ணப்பிக்கலாம், ஒரு நீதிபதிக்கு முன்னால் இருந்து கனடாவைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வயது போனவர்கள் கேட்டால் கேள்வியில்லாமலும் விடுவார்கள் என்று பக்கத்து அபார்ட்மென்ற் அன்ரி சொன்னா. நான் உடனே அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மாமா பேனையை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"கிழவன், ஒண்டும் தெரியாது, விடுங்கோ எண்டு எழுதப்போறீரோ?"

"அப்பிடி இல்லை மாமா. வயசு எழுபத்தெட்டு எண்டு..."

"ஏழாம் வகுப்பிலை சரித்திரத்திலை முதலாம் பிள்ளை நான். பாசாகித்தான் போவன்."

எனக்குத் தலை வெடித்தது. மகளைப் பார்க்கப் போகிற வழி இலேசாகத் திறந்து கிடக்கிறது, இவர் மதிலால் ஏறிக் குதிக்கப் போகிறேன் என்கிறார். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. கோப்பையை மேசையில் டொக்கென்று வைத்தேன். மூன்றாம் நாள் வேலையால் வந்தபோது அவர் கனடாப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு கதிரையை இழுத்து வைத்திருந்தார். தேத்தண்ணியும் ஊற்றியிருந்தார். அதில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டிருந்தார் என்பது வேறு கதை. நான் சிரித்துவிட்டேன், சண்டை முடிந்தது.

அன்று தொடங்கிய படிப்பு மாரிகாலம் முழுவதும் நடந்தது. பின்னேரம் நாலு மணி. நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்லுவார். வில்லங்கம் என்னவென்றால், கனடா அவருடைய தலைக்குள் நேரடியாகப் போகாது. அமெரிக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

"கனடா எப்ப ஒரு நாடாய் வந்தது, மாமா?"

"அமெரிக்கன் ருஷ்யனிட்டை அலாஸ்காவை வாங்கின வருசம்."

"வருசத்தைச் சொல்லுங்கோ."

"ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு."

"அதை மட்டும் சொல்லுங்கோ. நீதவானிட்டை அலாஸ்காக் கதை வேண்டாம்."

"சொன்னால் அவருக்கும் ஞாபகம் நிக்கும்தானே."

அமெரிக்கா வந்தால் பின்னாலேயே அவருடைய சீவியமும் வரும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டின மாடுகள். எண்பது வருசத்துக் கதையை நான் அப்படித்தான் கேட்டேன், வரிசை இல்லாமல், கத்தரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் நடுவில்.

நியூயோர்க்கில் பங்குச் சந்தை விழுந்தபோது மாமாவுக்குப் பதினைந்து வயது. அங்கே விழுந்ததற்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டார். அமெரிக்கன் கார் வாங்குவதை விட்டான், காருக்கு ரயர் தேவையில்லை, ரயருக்கு ரப்பர் தேவையில்லை, மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் கிளாக்காக இருந்த சித்தப்பாவுக்கு வேலை போய்விட்டது, சித்தப்பாவின் காசில் படித்த மாமாவுக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டது. "அவங்கள் அங்கை மாடியிலையிருந்து விழுந்தாங்கள், நான் இஞ்சை பள்ளிக்கூட வாங்கிலையிருந்து விழுந்தன்" என்றார். அதைச் சொல்லிச் சிரித்தார். சரித்திரத்தில் முதலாம் பிள்ளை என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேனையை வாங்கி வைத்த மனிதர்மேல் இருந்த மிச்சக் கோபமும் போய்விட்டது.

பிறகு அவரே மலாயாவுக்குப் போய் றெயில்வேயில் கிளாக் ஆனார். நாலு வருசம் மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்கினார். புதுச் சைக்கிள், மணி, டைனமோ லைற் எல்லாம் பூட்டினது. ஜப்பான்காரன் பேர்ள் ஹாபரில் குண்டு போட்ட அதே நாளில் மலாயாவிலும் வந்து இறங்கினான். ஊர் ஊராகச் சைக்கிளில்தான் வந்தானாம். மாமா வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வழியில் ஒரு சிப்பாய் மறித்து, குனிந்து கும்பிடச் சொல்லி, கும்பிட்டு நிமிர முதல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

"அமெரிக்கனுக்குக் கப்பல் போச்சு. எனக்குச் சைக்கிள் போச்சு" என்றார் மாமா. "அவனெண்டாலும் திருப்பிச் சண்டை பிடிச்சான்."

ஜப்பான்காரன் இருந்த மூன்றரை வருசமும் மரவள்ளிக்கிழங்கு. இன்றைக்கும் அதைக் கண்டால் தட்டைத் தள்ளி வைப்பார். அணுகுண்டு விழுந்து சண்டை முடிந்த கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் பகிடி விடமாட்டார். "அது பெரிய பாவம், பிள்ளை. ஆனா அது விழுந்து கொஞ்ச நாளையிலை நான் சோறு திண்டனான். ரெண்டும் உண்மை. என்ன செய்யிறது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை." நான் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

பிறகு மாமா ஊருக்குத் திரும்பிக் கலியாணம் கட்டினார். அமெரிக்க சனாதிபதியைச் சுட்ட செய்தி வந்த நேரம் மச்சாளுக்கு ஆறு வயது. அன்று காலை அவள் ஒரு புளியங்கொட்டையை மூக்குக்குள் விட்டுவிட்டாள். மாமாவும் மாமியும் அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார்கள். அங்கே மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி முதற்கொண்டு எல்லாரும் றேடியோவைச் சுற்றி நின்றார்கள். மாமாவும் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அந்தக் கூட்டத்தில் சேர்ந்து நின்றுவிட்டார். மாமிதான் போய் றேடியோவை நிற்பாட்டினாவாம். "அவையளுக்கு வேறை சனாதிபதி வருவார். எனக்கு இந்த ஒரு மூக்குத்தான்" என்றாவாம். கொட்டை வந்தது. மாமா அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தரமும் மாமியின் குரலில்தான் சொல்லுவார்.

சந்திரனில் மனிதன் இறங்கிய விடியற்காலை அயலட்டை முழுவதும் மாமா வீட்டு முற்றத்தில். எல்லாரும் வாயைப் பிளந்து றேடியோ கேட்டுக்கொண்டிருக்க, மாமி உள்ளேயிருந்து, "அங்கை தண்ணி இருக்காமோ எண்டு கேளுங்கோ" என்றாவாம். அந்த வருசம் எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் வத்தல். மாமாவுக்கு அறுபது வயதானபோது கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே மாதம் ஒரு அமெரிக்க சனாதிபதி, களவு பிடிபட்டு, பதவியை விட்டு விலகினார். "ரெண்டு பேரும் ஒரே மாசந்தான் வீட்டை போனனாங்கள்" என்பார் மாமா. "ஆனா எனக்கு மாலை போட்டு வடையும் தேத்தண்ணியும் தந்து விட்டவை."

இப்படியே தை மாதம் வந்தது, நீதிபதியிடம் போகும் நாளும் வந்தது. மச்சாளுக்கு அதற்கிடையில் பெண்பிள்ளை பிறந்து, தொட்டிலில் கிடக்கும் படம் எங்கள் பிறிட்ஜில் ஒட்டியிருந்தது. நான் லீவு போட்டுக்கொண்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் அறுபது எழுபது பேர். அவரைக் கதிரையில் இருத்தி, "பேர் கூப்பிட்டால் எழும்பிப் போங்கோ, நான் பார்க்கிங் மெசினுக்குக் காசு போட்டிட்டு ஓடியாறன்" என்றேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெசின் காசை விழுங்கிவிட்டு ரிக்கற் துண்டைத் தரவில்லை. நான் அதற்கு ஒரு குத்து விட்டு, இன்னொன்று தேடிப் போய், திரும்பி வர இருபது நிமிசம் ஆகிவிட்டது. மாமா அதே கதிரையில் அதே மாதிரி இருந்தார்.

"இன்னும் கூப்பிடேல்லையோ?"

"இல்லை. அப்பான்ரை பேரிலை ஆரோ ஒருத்தரை நாலைஞ்சு தரம் கூப்பிட்டவை. ஆள் வரேல்லை. நல்ல பேர், எங்களிலை ஆரோ போலை கிடக்கு."

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போலிருந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர். தகப்பன் பெயரை முன்னால் போட்டு, தன் பெயரைப் பின்னால் போடுகிற சனம் நாங்கள். கனடாப் பேப்பரில் அது எப்படியோ மாறி விழுந்து, தகப்பன் பெயரே மாமாவின் குடும்பப் பெயராகிவிட்டது. இங்கே எங்கள் ஆட்கள் எல்லாருமே செத்துப்போன தகப்பன்மாரின் பெயரில்தான் வேலைக்குப் போகிறோம், வருகிறோம். எனக்கு அது பழகிப்போனதால் அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மாமா தன் தகப்பனாரின் பெயருள்ள வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மரியாதையாக இருந்துவிட்டார்.

யன்னலுக்குள் இருந்த பெண்ணிடம் ஓடினேன். நாலு தரம் கூப்பிட்டோம், வரவில்லை, மூடிவிட்டோம், இனி வேறு திகதி தபாலில் வரும் என்றாள். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். கத்தினது பிழை. வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். மெசினுக்கும் பனிக்கும் எனக்கும் சேர்த்துத் திட்டினேன். மாமா என் தோளில் தட்டினார்.

"அப்பா எண்டைக்குமே நேரத்துக்கு வாற ஆள் இல்லை, பிள்ளை. அழாதையும்" என்றார்.

வேறு திகதி வைகாசியில் வந்தது. அதுவரை, நான் சமையலறையில் நின்று அவருடைய தகப்பனாரின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவேன். மாமா எங்கே இருந்தாலும், குளிக்கும் அறையில் இருந்தாலும், "ஓம்" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்படிப் பழக்கினேன். முதல் கிழமை அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒழுங்காக எழும்பினார்.

அந்த நாள் நான் பக்கத்தை விட்டு அசையவில்லை. நீதிபதி நரைத்த தலையுள்ள ஒரு பெண். மாமாவுக்கு ஆங்கிலம் மலாயா றெயில்வே ஆங்கிலம், பழையதென்றாலும் பிழையில்லாதது. அந்த அம்மா மாகாணங்களைக் கேட்டா, பத்தும் வந்தது. நாடான வருசத்தைக் கேட்டா. மாமா என்னை ஒருக்கால் பார்த்தார், நான் கண்ணை உருட்டினேன். வருசம் மட்டும் வந்தது. எல்லாம் நல்லாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக அவ பேனையை வைத்துவிட்டு, மரியாதைக்குக் கேட்பது போல, ஏன் கனேடியன் ஆக விரும்புகிறீர்கள் என்று கேட்டா.

"அமெரிக்காவுக்குப் போக, அம்மா" என்றார் மாமா.

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். போச்சு. எட்டு மாதப் படிப்பு, பனி, கண்ணீர், எல்லாம் ஒரு சொல்லில் போச்சு. நீதிபதி தலையைச் சரித்து அவரைப் பார்த்தா. மாமா அவசரப்படவில்லை. மகளைப் பற்றிச் சொன்னார், நயாகரா வேலியைப் பற்றிச் சொன்னார். மகளுக்கு நேரில் சொல்ல வேண்டிய ஒரு கதை ஆறு வருசமாகத் தன்னிடம் இருக்கிறது என்றார். பிறகு இதையும் சொன்னார்.

"நான் பிறக்கும்போது என்னைப் பிரித்தானிய ராசாவின் குடிமகன் என்றார்கள், என்னைக் கேட்கவில்லை. ஜப்பான்காரன் வந்து கும்பிடச் சொன்னான், கேட்கவில்லை. பிறகு ஒருநாள் விடிய எழும்பினேன், சிலோன்காரன் என்றார்கள், அதுவும் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் நீங்கள்தான் முதன்முதலாக, விருப்பமா என்று கேட்கிறீர்கள். அதுக்காகத்தான் பொய் சொல்லவில்லை. விருப்பம்."

நீதிபதி பேனையைத் திரும்ப எடுத்தா. பிறகு எழுதி, கையெழுத்து வைத்து, எழும்பி அவருக்குக் கை கொடுத்தா. நான் வெளியே வந்து மாமாவோடு சண்டை பிடித்தேன், ஏனென்றால் என்னுடைய நெஞ்சு அவ்வளவு நேரமும் நின்றுபோயிருந்தது. அவர், "உண்மையைச் சொன்னால் பாடமாக்கத் தேவையில்லை, பிள்ளை" என்றார்.

ஆனியில் சத்தியப்பிரமாணம். அரசியாருக்கு விசுவாசமாயிருப்பேன் என்று சொல்லவேண்டி வந்தபோது, "முந்தி மலாயாவிலை உவவின்ரை தகப்பனுக்கும் இதைத்தான் சொன்னனான்" என்று என் காதுக்குள் குசுகுசுத்தார். ஆடியில் பாஸ்போட் வந்தது. அடுத்த சனிக்கிழமையே வெளிக்கிட்டோம்.

பாலத்தின் அந்தப் பக்கத்தில் கார் வரிசையில் நின்றோம். அமெரிக்க அதிகாரி மாமாவின் பாஸ்போட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்றான். கால்வாய் வரப்போகிறது, அலாஸ்கா வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "மகளிட்டை" என்றார் மாமா, ஆங்கிலத்தில் ஒரே சொல்லில். அதிகாரி பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தேன், மாமா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கா எங்களுடைய பக்கத்தைப் போலத்தான் இருந்தது.

நியூ ஜேர்சி போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. மச்சாள் வாசலில் நின்றாள், பிள்ளை இடுப்பில். அவளுக்கு முன் தலை நரைத்திருந்தது. படங்களில் அதை எப்படி மறைத்தாளோ தெரியாது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நின்றார்கள், நடுவில் பிள்ளை அகப்பட்டு வீரிட்டு அழுதது. நான் பிள்ளையை உருவி எடுத்தேன். என் கணவர் சாமான்களை இறக்குகிற சாட்டில் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு மேசையில் மச்சாள் தகப்பனுக்கு முன்னால் இருந்தாள். கறிகள் ஆறிக்கொண்டிருந்தன. ஒருவரும் தொடங்கவில்லை. அவளுக்கு நேரடியாகக் கேட்கப் பயம், அது முகத்தில் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுப் பழகின மாதிரியே கேட்டாள்.

"அப்பா, அம்மா போன அண்டைக்கு அமெரிக்காவிலை என்ன நடந்தது?"

மாமா யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார், தேடித் தேடிப் பார்த்தார்.

"தெரியாது, மோனை. அண்டைக்கு நான் றேடியோ போடேல்லை."

பிறகு சொன்னார். ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாததை, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் மதிலால் ஏறி வந்து துணை இருந்ததை, காய்ச்சல் கொஞ்சம் இறங்கி மாமி கண் முழித்ததை.

"சின்னவளுக்குச் சொல்லுங்கோ, வரவேண்டாம் எண்டு. அதுதான் கொம்மா கடைசியாச் சொன்னது."

ஆறு வருசமாக, போகாமல் விட்டேனே என்று மச்சாள் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"இதைப் போனிலை சொன்னால், அம்மா என்னை வரவேண்டாம் எண்டிட்டா எண்டுதான் உனக்குக் கேட்டிருக்கும். கோவத்திலை சொன்னதாய்க் கேட்டிருக்கும். சொன்ன முகம் கேக்காது" என்றார் மாமா. "இந்தா, இப்பிடித்தான் சொன்னவ."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலையைக் கொஞ்சம் வலப் பக்கம் சரித்தார். புருவத்தைத் தூக்கி, வாயின் ஒரு மூலையை மட்டும் மேலே இழுத்து, பகிடி விடுவதற்கு முன் மாமி வைத்திருக்கிற அந்த முகத்தை அவர் தன் முகத்தில் கொண்டுவந்து, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மச்சாள் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றாள். "அம்மாதான்."